கிதியோன் அண்ணன் தலை எண்ணிய விதம்

கிதியோன் அரெண்ட்ஸே எங்கள் கடற்கரைச் சாலையில் பத்தொன்பது வருடம் சுற்றுலா வேன் ஓட்டினார். ஓட்டுநரும் அவர்தான், வழிகாட்டியும் அவர்தான். ஜார்ஜ் ஊரில் கிளம்பி, மலையிறங்கி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஸ்டார்ம்ஸ் ஆறுவரை போவார். நான்காம் நாள் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு திரும்புவார். பன்னிரண்டு விருந்தினர், ஒரு சமையல்காரி, சாமான் ஏற்றிய டிரெய்லர் ஒன்று. அந்தச் சமையல்காரி அவர் மனைவி பியூலா. செப்டம்பரில் பியூலா அக்கா இறந்துபோனார். அவர் வேலை எனக்கு வந்தது.

நான் அவரோடு போனது ஒரே ஒரு பயணம்தான். ஆனால் ஒரே தெருவில் இருபது வருடம் குடியிருக்கிறோம். தெருவில் எல்லாரும் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் அப்பா நைஸ்னா காட்டில் மரம் வெட்டியவர். கிதியோன் அண்ணன் பதினாறு வயதில் மரமறுக்கும் மில்லில் சேர்ந்தார். அங்கே இடது சுண்டுவிரலில் பாதி போயிற்று. மில் மூடியபோது அவருக்கு முப்பத்தேழு வயது. சட்டையில் குத்திக்கொள்ளும் வழிகாட்டி வில்லை வாங்கப் பரீட்சை எழுத வேண்டும். அவரால் நீளமாக எதையும் படிக்க முடியாது. பியூலா அக்கா அடுப்படியில் பூசணி அப்பம் சுட்டபடி புத்தகத்தை உரக்கப் படிப்பார். இவர் மேசை முன்னால் உட்கார்ந்து திருப்பிச் சொல்வார். திமிங்கிலம் எத்தனை மாதம் சுமக்கும், மஞ்சள்மரம் எத்தனை வருடம் நிற்கும். தப்பாகச் சொன்னால் அப்பம் கிடையாது. ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்கும். ஒரு வருடம் கழித்து வில்லை கிடைத்தது. மார்புப் பையில் குத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே வந்துவிட்டார். போதகர் பிரசங்கத்துக்கு நடுவில், "கிதியோன், இங்க வழிகாட்டுறவர் ஒருத்தர் ஏற்கெனவே இருக்கார்" என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது.

அந்த மனிதரைத்தான் நான் சொல்ல நினைத்தேன். நான் பார்த்தது வேறு ஒருவர்.

அடக்கம் முடிந்து கோயில் கூடத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வேன் கம்பெனி முதலாளியம்மா ஹெத்தா, கிதியோன் அண்ணனைக் கழுவுதொட்டிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து பேசினார்.

"ஆறு வாரம் லீவு எடுத்துக்கோ கிதியோன். சம்பளம் வரும்."

"வீட்டுல உக்காந்து என்ன மேடம் பண்றது?"

"தூங்கு. மகள் வீட்டுக்குப் போய் இரு."

"கேப் டவுன்லயா? அங்க நாலாவது மாடி. கீழ பாத்தா கார் நிக்கிற இடம்தான் தெரியும். எனக்கு ரோடு வேணும் மேடம்."

ஹெத்தா கொஞ்சநேரம் அவர் முகத்தைப் பார்த்தார். "சரி, பன்னெண்டாம் தேதி வண்டியை எடு. ஆனா வெளிப்படையாச் சொல்லிடறேன். நீ இப்ப சரியா இல்ல. ஒரே ஒரு புகார் வந்தாலும் உன்னை ரோட்டுல விட மாட்டேன். பன்னெண்டு உசுரு உன் கையில."

"புரியுது மேடம்."

"சமையலுக்கு யாரு?"

கிதியோன் அண்ணன் சுற்றிப் பார்த்தார். கையில் ஈரத்துணியோடு நின்றவள் நான்தான். "இந்தத் தங்கச்சி லவோனா, விருந்தினர் விடுதியில சமைச்சிருக்கு. அதிகம் பேசாது."

"பேசுறது உன் வேலை. அவ வந்தாப் போதும்" என்றார் ஹெத்தா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கேட்டால் பதில் சொல்வேன். அவர்கள் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு வேனில் ஏறப்போனேன். முன்னிருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில், கம்பளி நூலில் பின்னிய உறை போட்ட திண்டு ஒன்று இருந்தது. பச்சையும் மஞ்சளுமான அந்த உறையைப் பின்னியவர் யார் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிதியோன் அண்ணன் அதை எடுக்கவில்லை. நான் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பின்னால் போய்க் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் ஜன்னலோரம் டினெகே ஹூக்ஸ்ட்ரா என்ற டச்சு அம்மாள் வந்து உட்கார்ந்தார். எழுபத்தொரு வயது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தனியாக வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்களும் பேசமாட்டீங்கபோல. நல்லதாப் போச்சு" என்றார்.

வண்டி கிளம்புமுன் கிதியோன் அண்ணன் மேல்கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணினார். அவர் எண்ணுவது இப்படித்தான்: திரும்பிப் பார்ப்பதில்லை, விரலும் நீட்டுவதில்லை. விருந்தினரை ஆடு மாதிரி விரலால் எண்ணக்கூடாது என்பது பியூலா அக்கா வைத்த சட்டமாம். கண்ணாடியில் பார்த்து, உதடு மட்டும் அசையும். கடைசி எண் மட்டும் வாய்விட்டு வரும். பத்தொன்பது வருடமாக அந்த எண் பன்னிரண்டு. முன்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியில் தெரியமாட்டார், எண்ணத் தேவையும் இல்லை.

அன்று "பதிமூணு" என்றார். முகம் சுருங்கியது. பின்னால் என்னைத் தேடிப் பார்த்து, "ஓ, நீ ஒண்ணு" என்றார். வண்டி நகர்ந்தது.

மலையிறக்கத்தில் காய்மன்ஸ் ஆற்று வளைவு வந்தது. அந்த வளைவில் அவருக்கு ஒரு பேச்சு உண்டு. ஒலிபெருக்கியில், "இந்த ஆத்துல ஒரு காலத்துல முதலை இருந்துதாம்" என்பார். முன்னிருக்கையிலிருந்து பியூலா அக்கா, "இருந்த ஒண்ணையும் என் தலையில கட்டி வெச்சுட்டாங்க" என்பார். வண்டி சிரிக்கும். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லி விளையாடும்.

அன்றும் சொன்னார். "இந்த ஆத்துல ஒரு காலத்துல முதலை இருந்துதாம்." பிறகு நிறுத்தினார். அக்கா பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். வேண்டுமென்று நிறுத்தியதாகத் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை, எதற்குச் சிரிப்பது? "வலப்பக்கம் பாருங்க, கடல்" என்று தொடர்ந்தார். முன்வரிசையில் இருந்த ஜெர்மன்காரர் டிரெஸ்லர் தன் மனைவியிடம், "ஒலிபெருக்கியில ஏதோ கோளாறு" என்றார்.

இப்படி வழி நெடுக இடைவெளிகள் இருந்தன. நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

நைஸ்னாவில் மதியச் சாப்பாட்டின்போது டிரெஸ்லரின் மனைவி கிதியோன் அண்ணனின் பாதி விரலைப் பற்றிக் கேட்டார். அதற்கும் அவரிடம் பதில் உண்டு. ஜெர்மன்காரர்களிடம், டச்சுக்காரர் ஒருவர் பசியில் கடித்துவிட்டார் என்பார். டச்சுக்காரர்களிடம் ஜெர்மன்காரர்மேல் பழி போடுவார். அன்று, "மில்லுல ரம்பத்துல போச்சு" என்றார். அந்த அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் எதையும் தப்பாகச் செய்யவில்லை. நேரத்துக்கு எழுந்தார், வண்டியைத் துடைத்தார், கதவைத் திறந்துவிட்டுக் கிழவிகளுக்குக் கை கொடுத்தார். நான் வைத்ததைச் சாப்பிட்டார். தணலில் ரொட்டி சுட்டு, ஆப்ரிகாட் ஜாம் வைத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் கருகியிருந்தது.

"கருகிடுச்சு அண்ணே, வேற தரேன்."

"பரவால்ல. ருசி தெரியல தங்கச்சி. எதுலயுமே தெரியல."

குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு டயரில் காற்று பார்க்கப் போனார்.

ஒவ்வொரு இடத்திலும் "பதிமூணு" என்று சொல்லித்தான் வண்டியை எடுத்தார். ஏழெட்டு முறை கேட்டிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்குக் குரூட் ஆற்றின் வாயில் நிறுத்தினார். ஆறு அங்கே குளம்போல் அகன்று நின்று, மணலை அறுத்துக்கொண்டு கடலில் விழும். கடல் இறங்கியிருக்கும்போது அந்த வாயைக் கணுக்கால் தண்ணீரில் கடந்து அக்கரைப் பாறைகளுக்குப் போகலாம். ஏறிவிட்டால் முடியாது. கிதியோன் அண்ணன் வழக்கம்போலச் சொன்னார்: "பதினொண்ணே காலுக்குள்ள எல்லாரும் இந்தப் பக்கம் இருக்கணும். கடல் யாருக்கும் காத்துக்கிட்டு நிக்காது, நானும் நிக்க மாட்டேன்." இரண்டாவது பாதி நகைச்சுவை. முன்பெல்லாம் சிரித்திருப்பார்கள்.

நான் தேநீர்ச் சாமான்களைக் கழுவி டிரெய்லரில் அடுக்கினேன். ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். டினெகே அம்மாளின் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை இருக்கையில் மடித்துக் கிடந்தது. மேலே மூக்குக்கண்ணாடிக் கூடு. அவர் இல்லை.

கிதியோன் அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"பன்னெண்டு" என்றார்.

சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது.

நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். பன்னிரண்டு என்றால் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு. அவர் வாய் பத்தொன்பது வருடம் நின்ற இடத்தில் போய் நின்றுவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. காலையில் டினெகே அம்மாள், மலைவளைவில் தலை சுற்றுகிறது, முன்னால் உட்காரலாமா என்று என்னிடம் கேட்டிருந்தார். ஒருவேளை முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் இருந்த இடத்திலிருந்து முன்னிருக்கை தெரியாது. அந்தத் திண்டின்மேல் அவர் யாரையும் உட்கார விடமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணுகிறவர் எண்ணிவிட்டார். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, ஓட்டுகிறவரிடம் தப்பு என்று சொல்ல என் வாய் எப்போதும் பழகியதில்லை.

வண்டி மரங்களுக்குள் நுழைந்து வளைந்து வளைந்து ஏறியது. கம்பளிச் சட்டை ஒவ்வொரு வளைவிலும் என் தொடைப்பக்கம் நகர்ந்தது. மலையுச்சியில் நெடுஞ்சாலை வந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். நான் எழுந்தேன். இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனேன். திண்டு காலியாக இருந்தது.

"அண்ணே."

"உக்காரு தங்கச்சி, வண்டி ஓடுதுல்ல."

"பன்னெண்டு, என்னோட சேத்து."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். உதடு அசைந்தது. இந்த முறை எண் வெளியே வரவில்லை. வண்டியை ஓரங்கட்டினார்.

"யாரு?"

"டச்சு அம்மா. என் பக்கத்துல இருக்கறவங்க."

"நீ எப்ப பாத்தே?"

"கிளம்பும்போதே."

என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "கடல் ஏறியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போய் டிரெய்லரைக் கழற்றினார். இரண்டு நாள் சாப்பாடு சாலையோரத்தில் நின்றது. வண்டியைத் திருப்பும்போது டிரெஸ்லர், "என்ன நடக்குது? எங்க போறோம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரை விட்டுட்டு வந்துட்டேன் சார்."

"விட்டுட்டு வந்துட்டீங்களா? ஆளையா? குடையை விட்டுட்டு வந்த மாதிரி சொல்றீங்க!"

"ஆமா சார்."

"என் மனைவியா இருந்திருந்தா?"

"திரும்பித்தான் போயிருப்பேன் சார்."

"அதைக் கேக்கல நான்!"

அவர் கேட்டது நியாயம்தான். யாரும் அவரைத் தடுக்கவில்லை. இறக்கம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். கிதியோன் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "ஆமா சார்" என்றார்.

ஆற்றின் வாய் காலையில் பார்த்ததுபோல இல்லை. கடல் உள்ளே புகுந்து பழுப்பு நிறத்தில் சுழன்றது. அக்கரையில் ஒரு பாறைமேல் டினெகே அம்மாள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவாடை இடுப்புவரை நனைந்திருந்தது. ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பாறையைச் சுற்றித் தண்ணீர் வந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் கையசைக்கவில்லை. தலையை நிமிர்த்தினார்.

கிதியோன் அண்ணன் வண்டியின் இழுவைக் கயிற்றை இடுப்பில் கட்டி மறுமுனையை டிரெஸ்லரிடம் கொடுத்தார். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். டிரெஸ்லர் வாயை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தார். பூட்ஸோடு, மார்பில் வில்லையோடு கிதியோன் அண்ணன் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு, பிறகு நெஞ்சுக்கு. நடுவில் ஒருமுறை கால் இடறி முழுக்க உள்ளே போய் வெளியே வந்தார். அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. பயந்ததாகவும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போகிற மனிதர் திரும்பி வர வேண்டும் என்று நினைத்துப் போகிறாரா என்று தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தார். கயிற்றை அந்த அம்மாளின் அக்குளுக்கடியில் சுற்றி, தன் தோளோடு சேர்த்துப் பிடித்து, அலை ஓய்ந்த ஒரு நேரம் பார்த்து இறங்கினார். நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து இழுத்தோம். கரைக்கு வந்ததும் அந்த அம்மாள் மணலில் உட்கார்ந்து இருமினார். குளிரில் பல் அடித்துக்கொண்டது. நான் கம்பளிச் சட்டையைப் போர்த்தினேன்.

"நான் நேரத்தைப் பாக்கல, என் தப்புதான்" என்றார்.

"இல்லம்மா. எண்ணினது நான்" என்றார் கிதியோன் அண்ணன்.

"வண்டி போறதைப் பாத்தேன். கத்தினேன். அப்புறம் கத்தறதை நிறுத்திட்டேன்." என் பக்கம் திரும்பினார். "உங்க பக்கத்து இடம் காலியா இருந்துச்சே லவோனா?"

நான் தலைகுனிந்து நின்றேன். அவர் சூடாக ஏதாவது கிடைக்குமா என்றார். அடுப்பும் கெட்டிலும் மலையுச்சியில் டிரெய்லரில் இருந்தன.

நான்காம் நாள் ஜார்ஜுக்குத் திரும்பினோம். மறுநாள் ஹெத்தா எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடிதங்கள். ஒன்று டிரெஸ்லருடையது, மூன்று பக்கம். இன்னொன்று டினெகே அம்மாளுடையது, ஆறு வரி. இந்த மனிதர் எனக்காகத் தண்ணீரில் இறங்கினார், அவர் வேலைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று எழுதியிருந்தார்.

"இறங்கினது சரி. எதுக்கு இறங்க வேண்டி வந்துச்சு?" என்று கேட்டார் ஹெத்தா.

நான் பேசினேன். "மேடம், எனக்குத் தெரியும். கிளம்பும்போதே தெரியும். நான் சொல்லல."

"எண்ணுறது உன் வேலை இல்லம்மா."

"ஆனா தெரியும் மேடம்."

"அவ மேல போடாதீங்க" என்றார் கிதியோன் அண்ணன். "பன்னெண்டுன்னு சொன்னது என் வாய். அன்னைக்குச் சொன்னது நாளைக்கும் சொல்லும்." மார்புப் பையிலிருந்து வில்லையைக் கழற்றினார். ஊசி உப்புநீரில் இறுகியிருந்தது, கழற்றக் கொஞ்சநேரம் ஆயிற்று. ஹெத்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிதியோன் அண்ணன் அதை மேசையில் வைத்தார்.

"பட்டறையில வண்டி கழுவுற வேலை இருக்கு கிதியோன். எப்ப வேணாலும் வா."

"சரி மேடம்."

மூன்று நாள் போனார். நான்காம் நாள் போகவில்லை. மகள் ஞாயிறுதோறும் கேப் டவுனிலிருந்து கூப்பிடுகிறாள், வரேன் வரேன் என்கிறாராம். போகவில்லை.

எனக்கு வேலை இருக்கிறது. புது ஓட்டுநர் இளவயசு, விரல் நீட்டித்தான் எண்ணுவார். அவர் முடித்ததும் நான் எழுந்து நின்று உரக்க எண்ணுகிறேன். முதல் தடவை விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சூடாயிற்று. இப்போதும் ஆகிறது. எண்ணி முடித்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

பயண நாட்களில் புது ஓட்டுநர் என்னைத் தெருவிலேயே வந்து ஏற்றிக்கொள்வார். ஐந்தே முக்காலுக்கு வண்டி தெருவுக்குள் திரும்பும்போது கிதியோன் அண்ணன் தன் கேட்டருகில் நிற்பார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை அணிந்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருப்பார். போன வாரம் பால் வாங்கப் போன எதிர்வீட்டுக்காரர் அவரைக் கேட்டார்.

"என்ன கிதியோன், மறுபடி வேலைக்கா?"

"இல்ல. எந்திரிச்சாச்சு, அதான்."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். கிதியோன் அண்ணன் கையைத் தூக்கினார். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வரேன் அண்ணே" என்றேன். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் எங்களைப் பார்க்கவில்லை, வண்டிக்குப் பின்னால் டிரெய்லரின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி முனை திரும்பியது.